மில் மூடிய ஊரிலிருந்து ஒரு பங்க் ஆல்பத்தைக் கேட்பது

கனடாவின் வினிபெக் நகரத்து பங்க் இசைக்குழுவான ப்ரோபகாந்தி, 2025 மே 2 அன்று தன் எட்டாவது ஆல்பத்தை வெளியிட்டது. பெயர் 'அட் பீஸ்'. மன அமைதியைச் சொல்லும் தலைப்புதான். ஆனால் உள்ளே இருக்கும் பதின்மூன்று பாடல்களில் அமைதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதற்கு முந்தைய 'விக்டரி லேப்' 2017 செப்டம்பரில் வந்தது. நடுவில் ஏழரை வருடம். அந்த ஏழரை வருடத்தில் உலகம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது நமக்குத் தெரியும். பாடல்களை எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

புதுச்சேரியில் பங்க் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது குத்திட்டு நிற்கும் தலைமுடியும் தோல் ஜாக்கெட்டும்தான். இசையாக அதைக் கேட்பவர்கள் குறைவு. ஒயிட் டவுன் பக்கம் வார இறுதியில் கிட்டாரோடு பாடுகிறவர்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த ராக், பாப் பாடல்களையே எடுக்கிறார்கள். பிரான்ஸில் 1982-ல் தொடங்கிய உலக இசை நாள் இங்கேயும் ஜூன் 21 அன்று கொண்டாடப்படுகிறது. அன்றைக்கும் அரசியல் பாட்டு என் காதில் அதிகம் விழுந்ததில்லை. இருந்தும் இந்த ஆல்பத்தைப் பற்றி இந்த ஊரிலிருந்துதான் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போராடி ஜெயித்த ஒரு தொழிலாளர் நகரம், ஜெயித்தது கையைவிட்டுப் போன பிறகு எதைப் பாடும்? கடலூர் சாலையில் மூடிக் கிடக்கும் ஏ.எஃப்.டி. துணி மில்லின் நீளமான சுவரைத் தாண்டிப் போகிற யாருக்கும் இந்தக் கேள்வி அந்நியமாக இருக்காது. 'அட் பீஸ்' முழுக்க அந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறது.

சத்தத்துக்குள் மெட்டு

முதலில் இந்த இசை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். 1970-களின் நடுவில் நியூயார்க்கில் ரமோன்ஸும், லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ், க்ளாஷ் போன்ற குழுக்களும் பங்க் இசையைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. மூன்று கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), இரண்டு நிமிடம், பாட்டு முடிந்தது. வித்தை காட்டும் நீண்ட கிட்டார் வாசிப்புக்கு அங்கே இடமில்லை. அடுத்த சில வருடங்களில் அமெரிக்காவில் இது இன்னும் வேகமெடுத்து 'ஹார்ட்கோர்' ஆனது. பாடுவதைவிடக் கத்துவது அதிகமானது.

அந்தக் கத்தலுக்குள் மெட்டைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானது 1980-ல் லாஸ் ஏஞ்சலஸில் பள்ளி மாணவர்கள் தொடங்கிய பேட் ரிலிஜன். 1988-ல் அவர்கள் வெளியிட்ட 'சஃபர்' ஆல்பம்தான் பிறகு வந்த மெலடிக் பங்க் குழுக்கள் பலவற்றுக்கும் பால பாடம். வேகம் குறையாது. ஆனால் இரண்டு மூன்று குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, கேட்டதும் கூடப் பாட வைக்கிற மெட்டைப் பிடித்துக்கொள்ளும்.

பங்க் கிட்டாரின் அடிப்படை 'பவர் கார்டு'. நம் கணக்கில் அது சட்ஜமும் பஞ்சமமும், கூடவே பல சமயம் மேல் சட்ஜமும். காந்தாரம் கிடையாது. கிட்டார் ஒலியை ஆம்ப்ளிஃபையரில் முறுக்கிக் கரகரப்பாக்கும்போது காந்தாரத்தைச் சேர்த்தால் ஒலி கலங்கிவிடும். ச-ப மட்டும் என்றால் எவ்வளவு முறுக்கினாலும் கணீரென்று நிற்கும். ஒரு கார்டு குதூகலமாக ஒலிக்குமா சோகமாக ஒலிக்குமா என்பதைக் காந்தாரம்தான் தீர்மானிக்கிறது. கிட்டார் அந்தப் பொறுப்பைக் கைகழுவிவிட்டதால் அது பாடகரின் குரலுக்கு வந்துவிடுகிறது. ஆக, இந்த இசையில் உணர்ச்சி என்ன என்பதை முடிவு செய்வது குரல்தான். கீழே நிமிடத்துக்கு 180, 200 துடிப்பென்று டிரம் ஓட, நடுவில் ச-ப தரை போட, மேலே குரல் மட்டும் திசை காட்டுகிறது. கோபமான வரியைப் பிரகாசமான மெட்டில் பாட முடிவதும் இதனால்தான். சங்கராபரணம் மாதிரித் துலக்கமாக ஒலிக்கிற ஸ்வரங்களில் போரைப் பற்றிப் பாடுவார்கள். கேட்பவர் வரியைப் புரிந்துகொள்வதற்கு முன்பே மெட்டை மனப்பாடம் செய்திருப்பார்.

அரசியலை மெட்டில் ஏற்றி மனதில் இறக்கும் வேலை இந்த ஊருக்குப் புதிதில்லை. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பாரதி, சிந்து, கண்ணி போன்ற எளிய பாட்டு வடிவங்களை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். படிக்கத் தெரியாதவரும் பாடிக்கொண்டு போகலாம். பங்க் பாடல்களையும் நான் இப்படித்தான் கேட்கிறேன். அரசியல் என்ற கசப்பு மருந்துக்கு மேல் பூசிய தேனாக மெட்டை நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தனியாக யோசித்த ஒன்றைப் பல பேர் ஒரே மூச்சில் சொல்ல மெட்டு வேண்டியிருக்கிறது. ஊர்வலத்தில் கோஷத்துக்குத் தாளம் இருப்பதும் அதற்காகத்தான்.

ப்ரோபகாந்தியிடம் இன்னொரு சரக்கும் இருக்கிறது. குழுவைத் தொடங்கிய கிறிஸ் ஹன்னாவும் ஜோர்ட் சமோலெஸ்கியும் சிறுவயதில் கேட்டு வளர்ந்தது பங்க் மட்டுமல்ல, வேகமும் கனமும் கூடிய த்ராஷ் மெட்டலும்தான். டொரன்டோவின் சாக்ரிஃபைஸ், கியூபெக்கின் வோய்வோட் போன்ற கனடா குழுக்களின் சுவடு அவர்கள் கிட்டாரில் தெரியும். பல்லவி, சரணம் என்று எளிதாகப் பிரிக்க முடியாத பாடல்கள் பின்னாளில் அதிகமாயின. ஒரு பகுதி முடிந்ததும் மெட்டு வேறெங்கோ போய்விடும். முதல் முறை கேட்கும்போது பிடி கிடைக்காது. மூன்றாவது முறை விட முடியாது.

புல்வெளி நாட்டுப் பையன்கள்

1986-ல், மானிடோபா மாகாணத்தின் போர்டேஜ் லா ப்ரேரி என்ற சின்ன ஊரில் ஹன்னாவும் சமோலெஸ்கியும் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். இரண்டு பேரும் அப்போது பதின்வயதுப் பையன்கள். ஹன்னாவின் அப்பா ராணுவத்தில் இருந்தவர். ராணுவக் குடியிருப்பில் வளர்ந்த ஒருவர் வாழ்நாள் முழுக்கப் போரை எதிர்த்துப் பாடுகிறார். குழுவின் பெயரில் நம் காந்தியும் ஒட்டிக்கொண்டிருக்கிறார். பிரசாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அவர் பெயரைக் கோத்த விளையாட்டு அது.

1993-ல் முதல் ஆல்பம் 'ஹவ் டு க்ளீன் எவ்ரிதிங்'. கலிஃபோர்னியாவின் நோஎஃப்எக்ஸ் குழுப் பாடகர் நடத்திய 'ஃபேட் ரெக் கார்ட்ஸ்' என்ற இசைப்பதிவு நிறுவனம் அதை வெளியிட்டது. நல்ல நேரம். அடுத்த வருடமே க்ரீன் டே, ஆஃப்ஸ்பிரிங் போன்ற குழுக்களின் ஆல்பங்கள் பல லட்சம் பிரதிகள் விற்றன, மெலடிக் பங்க் திடீரென்று பெரிய வியாபாரமானது. அந்த அலையில் ஏறிக்கொண்டிருந்தால் ப்ரோபகாந்திக்கும் காசு கொட்டியிருக்கும். அவர்கள் 1996-ல் 'லெஸ் டாக், மோர் ராக்' என்ற ஆல்பத்தின் அட்டையிலேயே நான்கு நிலைப்பாடுகளை அச்சடித்தார்கள்: மிருகங்களின் பக்கம், பாசிசத்துக்கு எதிர், ஓரினக் காதலர்களுக்கு ஆதரவு, பெண்ணியத்துக்கு ஆதரவு. அன்றைய பங்க் கச்சேரிகளுக்கு வந்த இளைஞர் கூட்டத்தில் கணிசமானவர்களுக்கு இந்த நான்குமே எரிச்சலூட்டும். அந்த எரிச்சலுக்குத் தயாராக இருந்துதான் அச்சடித்தார்கள். பாட்டு பிடிக்கிறது, கருத்து வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு அந்த ஆல்பத்தை வாங்க முடியாது. உள்ளே பாடல் வரிகளோடு கட்டுரைகளும் இருந்தன.

அப்புறம் பாஸ் கிட்டார் வாசித்த ஜான் கே. சாம்சன் விலகி, மென்மையான பாடல்கள் பாடும் வீக்கர்தான்ஸ் குழுவைத் தொடங்கினார். அவர் இடத்துக்கு ஐ ஸ்பை குழுவிலிருந்த டாட் கோவால்ஸ்கி வந்தார். 2001-ல் வந்த 'டுடேஸ் எம்பயர்ஸ், டுமாரோஸ் ஆஷஸ்' இசையில் முரட்டுத்தனமும் அரசியலில் பரப்பும் கூடிய ஆல்பம். இந்தோனேசியாவின் பிடியில் கிழக்குத் திமோர் பட்ட பாடு வரை அதில் வருகிறது. 2015 வாக்கில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் சுலின் ஹாகோ சேர்ந்தார். இன்றைய குழு இந்த நான்கு பேர்தான்.

இரண்டு வேலைநிறுத்தங்கள்

குழு வேர்விட்ட வினிபெக், ஒரு சாதாரண குளிர்ப்பிரதேச நகரமாக வெளியில் தெரியலாம். ஆனால் கனடாவின் தொழிலாளர் வரலாற்றில் அந்தப் பெயரைத் தவிர்க்க முடியாது. 1919 மே 15 காலையில் தொலைபேசி இணைப்பகப் பெண்கள் முதலில் வேலையை விட்டு எழுந்தார்கள். அன்றே நகரம் நின்றுபோனது. சுமார் 30,000 பேர் ஆறு வாரம் வேலைக்குப் போகவில்லை. சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசும் உரிமையும் நியாயமான கூலியும்தான் கோரிக்கை. ஜூன் 21 சனிக்கிழமை குதிரைப் போலீஸ் கூட்டத்துக்குள் புகுந்து சுட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். சில நாட்களில் வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. அவர்கள் கேட்ட சங்க உரிமையைக் கனடா அரசு சட்டபூர்வமாகக் கட்டாயமாக்கியது 1944-ல்தான். இருபத்தைந்து வருடம் கழித்து.

நம் ஊர்க் கதை பலருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை ஆகியவற்றைக் கேட்டுப் போராடிய புதுச்சேரி மில் தொழிலாளர்கள்மீது சவானா மில்லில் பிரெஞ்சு போலீஸ் சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த இயக்கம் அந்த ரத்தத்தோடு நிற்கவில்லை. பிரான்ஸில் அப்போதுதான் லியோன் ப்ளம் தலைமையிலான மக்கள் முன்னணி என்ற இடதுசாரிக் கூட்டணி ஆட்சிக்கு வந்திருந்தது, அங்கே வரை பிரச்சினை போனது. 1937-ல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. பிரிட்டிஷ் இந்தியத் தொழிலாளர்களுக்கு அது கிடைக்க இன்னும் பல வருடம் ஆனது. ஜூலை 30 இன்றும் இங்கே தொழிலாளர் தியாகிகள் நாள்.

வினிபெக்கில் உடனடியாகத் தோற்றார்கள், பிறகு கிடைத்தது. புதுச்சேரியில் சீக்கிரமே ஜெயித்தார்கள், பிறகு வேறு விதமாக இழந்தோம். 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மூன்று ஷிப்டில் சோறு போட்ட மில், 2011 டிசம்பரில் தானே புயலில் அடிபட்டது. அதன் பிறகு எழவே இல்லை. 2020 ஏப்ரல் 30-ஓடு சட்டப்படியும் மூடப்பட்டது. எட்டு மணி நேர வேலைக்காக உயிர் விட்ட ஊரில், இன்று அவர்களின் கொள்ளுப்பேரன்கள் நேரக்கணக்கே இல்லாமல் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்த வேலையில் சங்கமும் இல்லை, வாசலில் நின்று கோஷம் போட ஒரு மில் கேட்டும் இல்லை. ஏ.எஃப்.டி. திடலில் பொதுக்கூட்டம் நடக்கிறது, பொருட்காட்சியும் நடக்கிறது.

இந்தப் பின்னணியோடு ப்ரோபகாந்தியைக் கேட்கும்போது அது தூரத்து வெள்ளைக்காரப் பையன்களின் கோபமாக எனக்குக் கேட்கவில்லை. தோல்வியை நேராகப் பார்த்து, அதைப் பாட்டாக்கத் தெரிந்தவர்களின் வேலையாகக் கேட்கிறது.

பாட்டுக்கு வெளியே செய்தது

அரசியல் பாடுகிற இசைக்கலைஞர்களிடம் எனக்கு முதலில் எழும் கேள்வி, உங்கள் சம்பளப் பட்டியல் எப்படி இருக்கிறது என்பதுதான். மேடையில் முதலாளித்துவத்தைத் திட்டிவிட்டு, மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கி தூக்கும் பையனுக்குக் காசு பாக்கி வைத்தால் பாட்டுக்கு என்ன மதிப்பு?

ப்ரோபகாந்தி உறுப்பினர்கள் 1997-ல் ஜி7 வெல்கமிங் கமிட்டி என்ற இசைப்பதிவு நிறுவனத்தை வினிபெக்கில் தொடங்கினார்கள். அங்கே முதலாளி கிடையாது. வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஊதியம், முடிவெடுப்பதில் சம பங்கு. சலிப்பான வேலையையும் சுவாரஸ்யமான வேலையையும் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பங்கேற்புப் பொருளாதாரம் என்று சொல்லப்படும் கோட்பாட்டை நடைமுறையில் செய்து பார்த்த இடம் அது. இசைக் குழுக்களோடு, அமெரிக்க இடதுசாரி அறிஞர்களான நோம் சோம்ஸ்கி, ஹோவர்ட் ஜின் ஆகியோரின் உரைகளையும் ஒலித்தட்டாக வெளியிட்டார்கள். அவர்களது அலுவலகம் இருந்த அதே பழைய கட்டடத்தில் மோன்ட்ராகன் என்ற புத்தகக் கடையும் உணவகமும் சேர்ந்து, அதே முறையில், 1996 முதல் 2014 வரை நடந்தது. அப்படி ஒரு இடம் பதினெட்டு வருடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

தமிழில் இதற்கு நெருக்கமாக எனக்குத் தெரிவது சிற்றிதழ் மரபுதான். 1959-ல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தான் அச்சடித்த புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். எழுதுவது, அச்சுக்குக் கொடுப்பது, பார்சல் கட்டுவது, கடன் வாங்குவது எல்லாம் ஒரே ஆள். பங்க் உலகத்திலும் அப்படித்தான். பத்திரிகை அவர்களே, ஸ்டூடியோ அவர்களே, சுற்றுப்பயண வண்டி ஓட்டுவதும் அவர்களே. பெரிய நிறுவனம் வந்து தூக்கிவிடும் என்று காத்திருப்பதில்லை.

2006-ல் கனடாவின் இசையமைப்பாளர் அமைப்பான சோகன் புதிதாக ஏற்படுத்திய பாடல் பரிசு இவர்களுக்குக் கிடைத்தது. 5,000 டாலர். அதை ஹெய்ட்டி மக்களுக்கான ஒரு அமைப்புக்கும், வினிபெக்குக்கு வந்திறங்கும் அகதிகளுக்கு உதவும் ஒரு இல்லத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். தொகை பெரிதில்லை. எங்கே போனது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஹாக்கி மைதானமும் சாப்பாட்டுத் தட்டும்

இவர்களின் அரசியல் எப்படி நுணுக்கமாக வேலை செய்கிறது என்பதற்கு 2009-ல் வந்த ஒரு பாடலை எடுத்துக்கொள்ளலாம். 'டியர் கோச்சஸ் கார்னர்'. கனடாவில் ஐஸ் ஹாக்கி, நமக்குக் கிரிக்கெட் மாதிரி வீட்டுக்கு வீடு ஓடுவது. சனிக்கிழமை இரவு ஆட்ட இடைவேளையில் டான் செரி என்ற முன்னாள் பயிற்சியாளர் தொலைக்காட்சியில் 'கோச்சஸ் கார்னர்' என்ற நிகழ்ச்சியில் பேசுவார். ஆட்டத்தோடு ராணுவ வீரவணக்கத்தையும் தேசப்பற்றையும் கலந்து பேசுவதில் பேர் போனவர். ஆப்கானிஸ்தான் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

ஹன்னா ஹாக்கிப் பைத்தியம். அதனால்தான் அந்தப் பாடல் நன்றாக இருக்கிறது. விளையாட்டை வெறுக்கிற அறிவாளி மேலே நின்று உபதேசம் செய்யவில்லை. அந்த நிகழ்ச்சியின் இன்னொரு தொகுப்பாளரான ரான் மக்லீனுக்கு, ஒரு ரசிகர் எழுதும் கடிதமாகப் பாடல் அமைந்திருக்கிறது. ஆட்டம் பார்க்கக் கூட்டிவந்த தன் வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு, ஆட்டத்துக்கு முன்னால் நடக்கும் இந்தக் கட்டாய ராணுவச் சடங்கை எப்படி விளக்குவது என்று கேட்கிறது. கேள்வி மரியாதையாகவே கேட்கப்படுகிறது. கிட்டார் மட்டும் அந்த மரியாதையை மீறிக்கொண்டே இருக்கும். மக்லீன் அதற்குப் பதிலும் சொன்னார். பத்து வருடம் கழித்து, 2019 நவம்பரில், புலம்பெயர்ந்தவர்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக செரி அந்த நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். பாடலால் அது நடக்கவில்லை. ஆனால் எல்லோரும் ரசித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, அதே கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவர் கையைத் தூக்கிக் கேட்டிருந்தார் என்ற பதிவு இருக்கிறது. விளையாட்டும் தேசப்பற்றும் ஒன்றாகக் காய்ச்சப்படும் நம் நாட்டில், விளையாட்டை நேசிக்கிற ஒருவர் எழுதிய இப்படி ஒரு பாட்டு தமிழில் வந்தால் நான் அதைக் கொண்டாடுவேன்.

அவர்களின் இன்னொரு நிலைப்பாட்டை நம் மண்ணில் அப்படியே இறக்க முடியாது. அது விலங்குகளைப் பற்றியது. ஆரம்பத்திலிருந்தே இறைச்சியை எதிர்த்துப் பாடுகிறவர்கள் இவர்கள். இதைக் கேட்கும் தமிழ்க் காதுக்கு உடனே வேறொன்று கேட்கும். இங்கே யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதில் சாதி இருக்கிறது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் 'நீங்க நான்வெஜ்ஜா' என்று கேட்கிற நாடு இது. வைத்திக்குப்பத்திலும் வம்பாகீரப்பாளையத்திலும் மீன் என்பது தொழில், உணவு, குலதெய்வத்துக்குப் படையல் எல்லாமே. அங்கே போய் ஒரு கனடாக்காரர் பாட்டை வைத்து மீன் சாப்பிடாதே என்று சொல்வது அநியாயம்.

ஆனால் அவர்களின் எதிர்ப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். மானிடோபா, கனடாவில் பன்றி வளர்ப்பு பெருமளவில் நடக்கும் மாகாணங்களில் ஒன்று. வரிசையாகக் கொட்டகைகள், ராட்சத வெட்டுக்கூடங்கள், அங்கே குறைந்த கூலிக்கு நிற்கும் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள். தீட்டு, சுத்தம் என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. ஒரு பெருந்தொழில் உயிரை எப்படிச் சரக்காக மாற்றுகிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கடலூர் சிப்காட்டில் காற்று நாறும்போது, பெரிய விசைப்படகுகளுக்கு நடுவில் கட்டுமரக்காரர் வெறுங்கையோடு திரும்பும்போது, அது நமக்கும் உரிய கேள்விதான். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

இப்போது 'அட் பீஸ்'

புதிய ஆல்பத்தில் முதலில் காதில் படுவது வேகம் குறைந்திருப்பது. இருநூறு துடிப்பில் பாய்கிற பழைய ஓட்டம் சில இடங்களில் மட்டும் வருகிறது. பல பாடல்கள் நடுத்தர வேகத்தில், கனமான கிட்டாரோடு நடக்கின்றன. மெட்டலின் பங்கு கூடியிருக்கிறது. பழைய ரசிகர்களில் சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்குச் சரி என்றே படுகிறது. ஐம்பதைக் கடந்தவர்கள் இருபது வயது மாதிரி நடித்தால்தான் சிக்கல். ஒரு பாடலின் பெயரே 'நோ லாங்கர் யங்'.

ஆல்பம் வெளியீட்டையொட்டி ஹன்னா சொன்னதன் சாரம் இது: 1993-ல் முதல் ஆல்பத்தை எழுதிய அதே ஆள்தான் இதையும் எழுதியிருக்கிறார், பார்வை பெரிதாக மாறவில்லை. அன்று அதோடு நம்பிக்கையும் வெகுளித்தனமும் கலந்திருந்தன. இன்று விரக்திதான் தூக்கல். தோற்றுப்போன ஒரு சமூகத்துக்குள் வாழத் தகுந்த வாழ்க்கையை எப்படி ஓட்டுவது என்பதே இப்போதைய கவலை.

இதை வெளிப்படையாகச் சொல்லத் துணிச்சல் வேண்டும். அரசியல் பாடல் என்றால் கடைசி வரியில் விடியல் வர வேண்டும் என்று ஒரு எழுதப்படாத சட்டம் இருக்கிறது. நம் மேடைப் பாடல்களிலும் அது உண்டு. சிவப்புச் சூரியன் உதித்துவிட்டால் கூட்டம் கை தட்டிக் கலையும். 'அட் பீஸ்' அந்த வசதியைக் கொடுப்பதில்லை. அதே சமயம், எல்லாம் போச்சு என்று கையை விரித்துப் படுப்பதும் இல்லை. விரக்தியோடு இருக்கிறவர்கள் எதற்கு இத்தனை உழைப்பைப் போட்டு, இத்தனை நுணுக்கமாக ஒரு ஆல்பம் செய்ய வேண்டும்? அந்தக் கிட்டார் வேலைப்பாட்டைக் கேட்டால், வாய் சொல்வதை விரல் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும்.

'பெனிட்டோஸ் எர்லியர் ஒர்க்' என்று ஒரு தலைப்பு. முசோலினி பாசிசத் தலைவராவதற்கு முன் இத்தாலிய சோஷலிஸ்ட் கட்சியின் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர் என்ற வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. இடது பக்கத்தில் தொடங்கி எதிர்ப் பக்கத்தில் போய் நிற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நமக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. 'ஃபயர் சீசன்' என்று இன்னொரு பாடல். காட்டுத்தீக் காலம். ஆல்பம் வந்து நான்கு வாரத்தில், 2025 மே 28 அன்று, மானிடோபா மாகாணம் முழுக்க அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காட்டுத்தீக்குப் பயந்து சுமார் 17,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வட மானிடோபாவின் பூர்வகுடிக் குடியிருப்புகளிலிருந்து ராணுவ விமானத்தில் ஆட்களை ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அங்கே தீ, இங்கே புயல். தானே புயல் அடித்த பிறகு கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகள் கிடந்த கோலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

குறையும் இருக்கிறது. வரிகள் அடர்த்தியானவை. ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்களுக்கே வரிகளைக் கையில் வைத்துக்கொண்டால்தான் பிடிபடும். வரலாற்றுக் குறிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் இடங்களில் பாட்டு கட்டுரையாகிவிடுகிறது. மில் கேட்டில் நின்று பாடக்கூடிய எளிமை இவர்களிடம் கிடையாது, அதை இவர்கள் தேடவும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் சிந்து பாடிய நம் ஆட்கள் மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

பாட்டால் ஏதாவது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் பதினைந்து வருடம் நடையாய் நடந்தார்கள். 2015-ல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ஒரு ராப் காணொளி உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. பாட்டு கதவை உடைக்கவில்லை. பதினைந்து வருடம் தட்டிக்கொண்டே இருந்தவர்களின் சத்தத்தை வெளியில் இருந்தவர்களுக்குக் கேட்க வைத்தது. தட்டுகிறவர்கள் இல்லையென்றால் பாட்டுக்கும் வேலை இல்லை. ப்ரோபகாந்தியின் விரக்திக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1990-களின் கடைசியில் உலகமயத்துக்கு எதிராகத் தெருவில் லட்சம் பேர் இருந்தார்கள், பாட்டு அவர்களோடு நடந்தது. இன்று அந்தத் தெரு வெறிச்சோடியிருக்கிறது. பாடகர்கள் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள்.

எங்கே தொடங்குவது

புதிதாகக் கேட்க நினைக்கிறவர்கள் நேராக 'அட் பீஸ்' ஆல்பத்துக்குப் போக வேண்டாம். 'டியர் கோச்சஸ் கார்னர்' முதலில். நான்கைந்து நிமிடத்துக்குள் இந்தக் குழு யார் என்று தெரிந்துவிடும். அடுத்து 'விக்டரி லேப்' ஆல்பத்தில் 'காப் ஜஸ்ட் அவுட் ஆஃப் ஃப்ரேம்'. 1963-ல் சைகோனில் தீக்குளித்த பௌத்தத் துறவி திச் குவாங் டுக்கின் உலகப் புகழ்பெற்ற புகைப்படத்திலிருந்து கிளம்பும் பாடல் அது. தன்னைத் துறவியின் இடத்தில் வைத்துப் பார்க்காமல், படச்சட்டத்துக்கு வெளியே நிற்கும் போலீஸ்காரரின் இடத்தில் வைத்துப் பார்க்கிறார் பாடகர். இந்த நேர்மை பிடித்திருந்தால் புதிய ஆல்பத்துக்கு வரலாம். தலைப்புப் பாடலையும் 'நோ லாங்கர் யங்' பாடலையும் வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு முறை, வரிகள் இல்லாமல் இன்னொரு முறை கேளுங்கள். முதல் ஆல்பத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் கெட்ட வார்த்தைகள் ஏராளம், வீட்டில் ஸ்பீக்கரில் போடுவதற்கு முன் ஹெட்ஃபோனில் கேட்டுவிடுவது நல்லது.